இடம்பெயர்ந்த அச்சியந்திரம்: அசாமின் ‘ஒருனோதோய்’ பத்திரிகையின் கதை

ஒரு பத்திரிகையின் கதையை இம்முறை எமது வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். அது எமது நாட்டுப் பத்திரிகை அல்ல. இந்தியாவின் வடகிழக்கு மூலையில், பிரமபுத்திரா ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் அசாம் நாட்டிலே 1846ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒரு சிறிய மாதப் பத்திரிகை அது. அதன் பெயர் ‘ஒருனோதோய்’. நாம் அருணோதயம் என்று சொல்லும் சொல்லே அசாமிய மக்களின் வாயில் அவ்வாறு ஒலிக்கின்றது. அமெரிக்க பப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தோர் அதனை நடத்தினர்.

நெல் விளைவித்து வாழ்ந்த மக்களுக்காக வெளிவந்த பத்திரிகை அது. அதனை அச்சிட்ட இயந்திரம் ஓரிடத்திலிருந்து துரத்தப்பட்டு, இன்னோரிடத்தில் ஒதுங்கி, மூன்றாவது இடத்திலேயே நிலைகொண்டது. அதனைப் படித்த மக்களும் போரினால் ஊர்விட்டுச் சிதறி, மீண்டும் வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த எமது வாசகர்கள் இக்கதையைத் தெரிந்திருப்பது நல்லது என எண்ணுகின்றோம்.

பாழாய்ப்போன வயல்கள்

அசாமை 1228ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் ஆகோம் என்ற அரச வம்சத்தினர் ஆண்டனர். குளங்களை வெட்டி, அணைகளைக் கட்டி, நெற்செய்கையைப் பெருக்கியவர்கள் அவர்கள். சிப்சாகர் என்னும் ஊரிலுள்ள மாபெரும் குளம் அவர்களது அரசி ஒருவரால் 1734ஆம் ஆண்டளவில் வெட்டுவிக்கப்பட்டது. அந்தக் குளத்தின் பெயரே ஊரின் பெயருமாயிற்று. எமது கதையின் பெரும்பகுதி இந்தக் குளக்கரையூரிலேயே நடைபெறுகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்நாட்டுக் கிளர்ச்சிகளால் அரசு தளர்ந்தது. 1817ஆம் ஆண்டு தொடக்கம் பர்மியப் படைகள் மூன்று தடவை நாட்டினுள் புகுந்தன. கிராமங்கள் எரிந்தன. பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர். இன்னும் பலர் சிறைபிடிக்கப்பட்டுப் பர்மாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோர் வங்காளத்துக்கும் அயல் மலைநாடுகளுக்கும் ஓடினர். வயல்கள் காடாயின. அசாமியர் இக்காலத்தை ‘மானோர் தின்’, அதாவது பர்மியரின் காலம் என்று இன்றும் சொல்லிக்கொள்கின்றனர். 1826ஆம் ஆண்டு யாண்டபோ உடன்படிக்கையின்படி பர்மியர் அசாமின் மீதிருந்த உரிமையைக் கைவிட்டனர். நாடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு வந்தது.

போர் ஓய்ந்தபின் ஊர் திரும்பிய கமக்காரர்கள் முதலில் காட்டை வெட்டவேண்டியிருந்தது. வரம்புகளை மீண்டும் கட்டவேண்டியிருந்தது. புதிய ஆட்சியாளரின் வரியையும் செலுத்தவேண்டியிருந்தது. இத்தகைய நிலையில் இருந்த ஒரு நாட்டுக்கே அச்சியந்திரம் வந்து சேர்ந்தது.

ஆற்றுவழி வந்த அச்சியந்திரம்

பப்டிஸ்ட் சபையார் என்போர், விசுவாசத்தைத் தாமாக அறிந்து ஏற்றுக்கொண்டவர்களுக்கே முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் கிறிஸ்தவ சபையினர். வேதத்தை ஒவ்வொருவரும் தமது தாய்மொழியில் தாமே வாசிக்கவேண்டும் என்பதில் உறுதியானவர்கள். இதனால் அவர்கள் சென்ற இடமெங்கும் அச்சுக்கூடமும் சென்றது. வங்காளத்திலுள்ள சிராம்பூரில் ஆங்கிலேய பப்டிஸ்ட் மிஷனரிமார் 1818ஆம் ஆண்டிலேயே ‘சமாச்சார் தர்ப்பண்’ என்ற வங்காளப் பத்திரிகையை வெளியிட்டனர்.

அமெரிக்க பப்டிஸ்ட் மிஷனின் தொடக்கத்துக்கும் எமது யாழ்ப்பாணத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1812ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் போர்ட்’ என்ற சங்கம் தனது முதல் மிஷனரிமாரைக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவரான அதோனிராம் ஜட்சன் கல்கத்தாவை அடைந்ததும் பப்டிஸ்ட் கொள்கையைத் தழுவிப் பர்மாவுக்குச் சென்றார். அவருக்கு ஆதரவளிக்கவே 1814ஆம் ஆண்டு அமெரிக்க பப்டிஸ்டுகள் தமக்கென ஒரு மிஷன் சங்கத்தை அமைத்தனர். அவரை முதலில் அனுப்பிய அதே ‘அமெரிக்கன் போர்ட்’ சங்கத்தின் மிஷனரிமாரே 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்களது மிஷனிலிருந்தே 1841ஆம் ஆண்டு ‘உதயதாரகை’ பத்திரிகை பிறந்தது. ஐந்தாண்டுகள் கழித்து அசாமில் ‘ஒருனோதோய்’ வெளிவந்தது. ஒன்று விடிவெள்ளி, மற்றது விடியல். ஒரே மரத்தின் இரு கிளைகள் எனலாம்.

அசாமுக்கு மிஷனரிமாரை அழைத்தவர் அங்கு ஆங்கில அரசின் பிரதிநிதியாக இருந்த பிரான்சிஸ் ஜென்கின்ஸ் என்பவர். பர்மாவில் பணியாற்றிய நேத்தன் பிறவுண் என்பவரும், அச்சுத்தொழில் அறிந்த ஒலிவர் கட்டர் என்பவரும் தத்தம் குடும்பங்களுடன் 1835ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவிலிருந்து படகேறினர். அச்சியந்திரமும் படகிலேயே ஏற்றப்பட்டது. அக்காலத்தில் அந்த வழியில் நீராவிக் கப்பல் இல்லை. நீரோட்டத்தை எதிர்த்து, வள்ளத்தைக் கயிற்றால் இழுத்தும் கம்பால் ஊன்றியும் செல்லவேண்டும். நான்கு மாதங்களின் பின், 1836ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் திகதி, ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள சதியா என்ற எல்லையூரை அவர்கள் அடைந்தனர்.

அவர்கள் முதலில் எண்ணி வந்தது அசாமிய மக்களை அல்ல. மலைகளிலும் எல்லைகளிலும் வாழ்ந்த கம்தி, சிங்போ மக்களிடம் சென்று, அவ்வழியே சீனாவுக்குள் புகலாம் என்பதே திட்டம். திட்டம் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு உதவிக்கு வந்துகொண்டிருந்த ஜேக்கப் தோமஸ் என்னும் மிஷனரி, சதியாவை அண்மித்த வேளையில் கரையிலிருந்து படகின்மேல் விழுந்த மரத்தினால் உயிரிழந்தார். அவருடன் புறப்பட்ட மைல்ஸ் புறொன்சன் என்பவர் நீண்டகாலம் அசாமில் பணியாற்றினார். அவரது பெயர் இக்கதையில் மீண்டும் வரும்.

சதியாவிலிருந்து குளக்கரைக்கு

சதியாப் பகுதியில் அதிகாரம் செலுத்திவந்த கம்தித் தலைவர்களிடமிருந்து அந்த உரிமையை ஆங்கிலேயர் பறித்திருந்தனர். அதனால் மூண்ட ஆத்திரம் 1839ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் திகதி வெடித்தது. கம்திப் படையினர் சதியாவைத் தாக்கினர். ஆங்கில அதிகாரியான கேணல் வைற் கொல்லப்பட்டார். மிஷனரிக் குடும்பங்கள் உயிர்தப்பின. ஆயினும் ஊர் கலைந்துபோயிற்று. மக்கள் திசைக்கொருவராகச் சென்றுவிட்டனர். மூன்றாண்டு உழைப்பு ஒரே நாளில் பயனற்றுப்போனது.

அவர்கள் அச்சியந்திரத்தை எடுத்துக்கொண்டு ஜெய்ப்பூர் என்ற ஊருக்கு இறங்கிவந்தனர். இது ராஜஸ்தானிலுள்ள பெருநகரம் அன்று. பூரி திகிங் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூர். ஒதுங்கிய அந்த இடத்திலும் அச்சுவேலை நிற்கவில்லை. கட்டரின் மனைவி தொகுத்த ஆங்கில-அசாமியச் சொற்றொகுதி 1840ஆம் ஆண்டு ஜெய்ப்பூரிலேயே அச்சாகியது. ஊரிழந்து இரண்டாண்டு கழிவதற்குள் ஒரு புத்தகம்! அதுவும் சொற்களைத் திரட்டிய புத்தகம். இதனை எமது வாசகர்கள் மனதிற் கொள்ளவேண்டும்.

ஜெய்ப்பூரும் நிலைக்கவில்லை. 1840களின் முற்பகுதியில் மிஷனின் பணியும், அதனைத் தொடர்ந்து அச்சுக்கூடமும் சிப்சாகரின் குளக்கரைக்கு மாற்றப்பட்டன. மலைவழியாகச் சீனா செல்லும் எண்ணம் கைவிடப்பட்டது. சமவெளியில் நெல் விதைத்து வாழும் அசாமிய மக்களிடையே தங்குவதென முடிவாயிற்று. சதியாவை இழந்திராவிட்டால் ‘ஒருனோதோய்’ பிறந்திருக்குமா என்பது ஐயமே.

புரியாத மொழியில் வழக்கு

இக்காலத்தில் அசாமிய மக்களுக்கு வேறொரு துன்பம் நேர்ந்திருந்தது. புதிய ஆட்சியாளர் தமது அலுவலகங்களுக்கு வங்காளத்திலிருந்து எழுதுவினைஞரை வரவழைத்திருந்தனர். 1836ஆம் ஆண்டளவில் நீதிமன்றங்களின் மொழியாக வங்காளம் ஆக்கப்பட்டது. பாடசாலைகளின் மொழியும் அதுவாயிற்று. அசாமிய மொழி என்று தனியாக ஒன்று இல்லை, அது வங்காளத்தின் கொச்சை வடிவமே என்று அதிகாரிகள் பலர் கூறினர்.

உண்மையில் இரண்டும் உறவுடைய மொழிகள். எழுத்தும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் பேச்சும் சொல்லும் வேறு. கமத்தொழிலையே எடுத்துக்கொள்வோம். அசாமியர் ‘ஆகு’ என்னும் நெல்லை வங்காளிகள் ‘ஆவுஸ்’ என்பர். அசாமியரின் ‘சாலி’ நெல் வங்காளத்தில் ‘ஆமன்’ எனப்படும். வெள்ளம் ஏற ஏறத் தானும் உயர்ந்து வளரும் ஆழநீர் நெல்லுக்கு அசாமியர் ‘பாவோ’ என்று பெயரிட்டுள்ளனர். இத்தகைய சொற்களோடு பிறந்து வளர்ந்த ஒருவர் தனது காணி வழக்குக்காக நீதிமன்றம் செல்கின்றார். அவரது முறைப்பாடு அவரறியாத மொழியில் எழுதப்படுகின்றது. தீர்ப்பும் அவ்வாறே வாசிக்கப்படுகின்றது. தனது காணியைப்பற்றி என்ன எழுதியிருக்கின்றது என்பதை அவர் இன்னொருவரிடம் கேட்டே அறியவேண்டும். அப்படிச் சொல்பவருக்குக் கூலியும் கொடுக்கவேண்டும். இந்த நிலையின் வேதனையை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

பத்திரிகை பிறந்தது

1846ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சிப்சாகரின் மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து ‘ஒருனோதோய்’ முதல் இதழ் வெளிவந்தது. அசாமிய மொழியில் வெளிவந்த முதற் பத்திரிகை இதுவே. நேத்தன் பிறவுண் ஆசிரியர். சமயம், விஞ்ஞானம், பொதுச் செய்தி ஆகிய மூன்றுக்குமான மாதப் பத்திரிகை என்று அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

அக்கால அச்சுவேலையை இன்றைய இளையோர் அறியார். ஒவ்வோர் எழுத்தும் ஈயத்தில் வார்த்த தனித்தனித் துண்டு. அச்சுக்கோர்ப்பவர் அவற்றைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, வரி வரியாகப் பக்கம் கட்டுவார். பின் மைபூசி, தாளைப் பரப்பி, கையால் இழுத்து அழுத்தவேண்டும். ஒரு தாளுக்கு ஒரு தடவை. அச்சிட்டு முடிந்ததும் எழுத்துக்களைக் கழுவி, பிரித்து, மீண்டும் பெட்டியில் இடவேண்டும். படங்கள் வேண்டுமானால் மரக்கட்டையில் செதுக்கவேண்டும். ‘ஒருனோதோய்’ இதழ்களில் இவ்வாறு செதுக்கிய மரக்கட்டைப் படங்கள் பல இடம்பெற்றன. வேறு நாடுகளின் காட்சிகளையும் அறியாத விலங்குகளையும் அம்மக்களுட் பலர் முதன்முதலில் அப்படங்களிலேயே கண்டனர்.

சமயப் போதனை அதில் நிறைய இருந்தது. ஜோன் பனியன் என்ற ஆங்கில பப்டிஸ்ட் போதகர் எழுதியதும், தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என நாம் அறிந்ததுமான கதை அசாமியமாக்கப்பட்டுத் தொடராக வெளிவந்தது. அதனுடன் வானசாத்திரம், பூமிசாத்திரம், பிறநாட்டுச் செய்திகள், உள்ளூர்ச் செய்திகள் ஆகியனவும் வெளிவந்தன. ஆகோம் அரசரின் வரலாற்றேடுகள் ‘புராஞ்சி’ எனப்படும். அரச குடும்பங்களின் வீடுகளில் மரப்பட்டை ஏடுகளாக முடங்கிக் கிடந்த அவ்வரலாறுகள் இப்பத்திரிகையில் அச்சேறின. காசிநாத் தாமுலி புக்கன் என்பவர் எழுதிய ஒரு புராஞ்சியை இதே அச்சுக்கூடம் 1844ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தது. போரிலே தப்பிய ஏடுகள் செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாகுமுன் காப்பாற்றப்பட்டமைக்கு அச்சு ஒரு காரணமாயிற்று.

பத்திரிகையின் எழுத்துமுறையும் கவனிக்கத்தக்கது. அசாமியர் பேசும்போது வடமொழி எழுத்துக்கள் பலவற்றின் வேறுபாடு ஒலிப்பதில்லை. ஆகவே மக்கள் எவ்வாறு பேசுகின்றனரோ அவ்வாறே எழுதவேண்டும் எனப் பிறவுண் முடிவுசெய்தார். பத்திரிகையின் பெயரையே வடமொழி முறைப்படி எழுதாமல், பேச்சு ஒலிப்படி எழுதினார். பள்ளி சென்றறியாத ஒருவருக்கும் யாரேனும் வாசித்துக்காட்டினால் விளங்கவேண்டும் என்பது இதன் பயனாயிற்று. படித்தோர் சிலர் இதனை ஏற்கவில்லை. அதனைப் பின்னர் காண்போம்.

எழுதியவர்கள் யார்?

ஒரு பத்திரிகையை வெளிநாட்டவர் தொடங்கலாம். ஆனால் அந்த மண்ணின் மக்கள் அதில் எழுதாவிட்டால் அது நீடிக்காது. ‘ஒருனோதோய்’ முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்ததற்கு அதில் எழுதிய அசாமியரே முக்கிய காரணம் என்பது எமது கருத்து.

அவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் நிதி லீவை பார்வெல். சிறுவயதில் பெற்றோரை இழந்தவர். மிஷன் அச்சுக்கூடத்தில் தொழில் பழகினார். 1841ஆம் ஆண்டு புறொன்சனிடம் ஞானஸ்நானம் பெற்று, இந்த மிஷனின் முதல் அசாமியக் கிறிஸ்தவரானார். பிறர் எழுதியதைக் கோர்க்கக் கற்ற கைகள் விரைவில் தாமே எழுதத் தொடங்கின. உரைநடைக் கட்டுரைகளையும் மொழிபெயர்ப்புக்களையும் அவர் எழுதினார். ஆதரவற்ற ஒரு பிள்ளை ஒரு மொழியின் முதற் பத்திரிகை எழுத்தாளர்களுள் ஒருவராக உயர்ந்தது சிறிய விடயமன்று.

இரண்டாமவர் ஆனந்தராம் தேகியால் புக்கன். 1829இல் பிறந்தவர். இந்து உயர்குடியைச் சேர்ந்தவர். கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி கற்று அரசாங்க அதிகாரியானார். மிஷனரிமாரின் சமயத்தை அவர் தழுவவில்லை. ஆனால் அவர்களது பத்திரிகையில் எழுதினார். தமது பதினெட்டாவது வயதளவில், 1847ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மற்ற நாடுகள் எவ்வாறு முன்னேறின, அசாம் ஏன் பின்தங்கியது என்ற கேள்வி அவரை வாட்டிக்கொண்டிருந்தது.

குணாபிராம் பருவா, ஹேமச்சந்திர பருவா ஆகியோரும் இவ்வாறே எழுதினர். இவர்களும் பிறப்பால் இந்துக்கள். ஹேமச்சந்திரர் பிறவுணின் பேச்சு ஒலி எழுத்துமுறையை எதிர்த்தவர். சொல்லின் வேரை அறியும்படி வடமொழி முறையிலேயே எழுதவேண்டும் என்பது அவரது வாதம். இறுதியில் நிலைத்தது அவரது முறையே. அவர் தொகுத்த ‘ஹேமகோஷ்’ அகராதி அவர் இறந்தபின் 1900ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆயினும் மொழியை எப்படி எழுதுவது என்று இரு தரப்பார் வாதாடுவதற்கு முதலில் அந்த மொழி எழுதப்படவேண்டுமல்லவா? அந்தக் களத்தை அமைத்துக்கொடுத்தது ‘ஒருனோதோய்’.

வென்ற வழக்கு

அசாமியம் தனிமொழி அல்ல என்று வாதிட்டோரும் சாதாரணமானவர்கள் அல்லர். 1839ஆம் ஆண்டு அசாமிய இலக்கணம் எழுதிய வில்லியம் றொபின்சன் பின்னர் பாடசாலைகளின் பரிசோதகராக இருந்தபோது வங்காளத்தின் பக்கமே நின்றார். இத்தகையோருக்கு வெறும் கோபத்தால் பதில் சொல்ல முடியாது. சான்று வேண்டும்.

சான்றுகள் சிப்சாகரில் ஒவ்வொன்றாக அச்சாகின. 1848ஆம் ஆண்டு பிறவுணின் அசாமிய இலக்கணக் குறிப்புகள் வெளிவந்தன. புதிய ஏற்பாட்டின் அசாமிய மொழிபெயர்ப்பு அச்சாயிற்று. ‘ஒருனோதோய்’ மாதந்தோறும் வந்தது. வங்காளத்தின் கொச்சை என்று சொல்லப்பட்ட மொழியில் வானசாத்திரம் எழுதலாம், வரலாறு எழுதலாம், உலகச் செய்தி எழுதலாம் என்பதை ஒவ்வோர் இதழும் காட்டியது.

1853ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து மொபற் மில்ஸ் என்னும் நீதிபதி அசாமின் நிர்வாகத்தை ஆராய வந்தார். தேகியால் புக்கன் அவரிடம் நீண்டதொரு விண்ணப்பத்தைக் கையளித்தார். மக்களின் மொழியை நீதிமன்றங்களுக்கும் பாடசாலைகளுக்கும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என அதில் கேட்டிருந்தார். மொழி விடயத்தில் தவறு நேர்ந்திருப்பதை மில்ஸ் தமது அறிக்கையில் ஏற்றுக்கொண்டார். ஆனால் அரசாங்கம் அசையவில்லை. 1855ஆம் ஆண்டு தேகியால் புக்கன் அசாமிய மொழியைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். தமது பெயரை இடாமல், ‘உள்நாட்டவர் ஒருவர்’ என்று மட்டும் குறித்தார். அதனை அச்சிட்டதும் சிப்சாகர் மிஷன் அச்சுக்கூடமே. நான்கு ஆண்டுகள் கழித்து, முப்பது வயதளவில், அவர் காலமானார். தமது வழக்கின் முடிவை அவர் காணவில்லை.

பிறவுணும் 1855இல் அசாமை விட்டுச் சென்றார். பிற்காலத்தில் ஜப்பானுக்குப் போய், புதிய ஏற்பாட்டை ஜப்பானிய மொழியிற் பெயர்த்து, 1886ஆம் ஆண்டு யொகொஹாமாவில் மறைந்தார். நகாவ் என்ற ஊரில் தங்கிய புறொன்சன் தொடர்ந்து அரசாங்கத்துக்கு முறையிட்டார். 1867ஆம் ஆண்டு அவரது அசாமிய-ஆங்கில அகராதி வெளிவந்தது. ஏறக்குறைய 14,000 சொற்கள் அதில் அடங்கின.

1873ஆம் ஆண்டு அரசாங்கம் இணங்கியது. அசாமிய மொழி நீதிமன்றங்களுக்கும் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் திரும்பிவந்தது. ஏறக்குறைய முப்பத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன. வங்காளம் புகுத்தப்பட்ட ஆண்டில் பிறந்த பிள்ளை, தனது பிள்ளையை அசாமியப் பாடசாலைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் காலம் அது.

குறைகளும் உண்டு

இப்பத்திரிகையை நாம் புகழ்ந்து மட்டும் விட்டுவிடுவது நேர்மையாகாது. அதனை நடத்தியோர் முதலில் சமயம் பரப்ப வந்தவர்கள். மக்களின் பழைய வழிபாடுகளையும் பழக்கங்களையும் அவர்கள் கடுமையாகத் தாக்கி எழுதினர். இது பலரைப் புண்படுத்தியது. பிரமபுத்திராவின் நடுவிலுள்ள மாஜுலித் தீவில் ஆவுனியாத்தி என்ற வைணவ மடம் உண்டு. அம்மடம் தானும் ஓர் அச்சியந்திரத்தை வாங்கி, 1871ஆம் ஆண்டு ‘அசாம் பிலாசினி’ என்ற பத்திரிகையைத் தொடங்கியது. இதிலும் ஒரு நன்மை விளைந்தது. அசாமியர் தாமே நடத்திய பத்திரிகை ஒன்று மொழிக்குக் கிடைத்தது.

அரசியலில் ‘ஒருனோதோய்’ ஆங்கில ஆட்சியின் பக்கமே நின்றது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போதும் அவ்வாறே. அசாமில் அக்கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று மணிராம் தேவான் 1858ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜோர்ஹாட்டில் தூக்கிலிடப்பட்டார். அசாமியர் இன்று அவரை வீரராகப் போற்றுகின்றனர். அரசாங்கத்தின் அனுமதியுடனும் ஆதரவுடனும் வாழும் பத்திரிகை எவ்வளவு தூரம் மக்களின் பத்திரிகையாக இருக்கமுடியும் என்ற கேள்வியை இது எழுப்புகின்றது. மொழி விடயத்தில் அரசை எதிர்த்து எழுதியோர், ஆட்சி விடயத்தில் எதிர்க்கவில்லை.

பிறவுணின் பின் பல மிஷனரிமார் மாறி மாறி ஆசிரியப் பொறுப்பை ஏற்றனர். மிஷனிலே ஆட்கள் குறைவு. அச்சுக்கூடத்தைக் கவனிக்க 1869இல் வந்த கிளார்க் என்பவரின் மனமும் நாகா மலைகளை நாடியது. சில ஆண்டுகளில் அவர் மலையேறிவிட்டார். மிஷனின் கவனமும் மெல்ல மெல்ல மலைநாட்டு மக்களிடம் திரும்பியது. 1880ஆம் ஆண்டளவில் ‘ஒருனோதோய்’ நின்றுபோயிற்று. ஆனால் அக்காலத்துக்குள் அசாமியர் தாமே எழுதவும் அச்சிடவும் கற்றிருந்தனர்.

ஆறு கொண்டுபோனதும் தாள் காத்ததும்

அச்சியந்திரம் முதலில் வந்திறங்கிய சதியா நகரத்தை இன்று காணமுடியாது. 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி அசாமை உலுக்கிய பெரும் பூகம்பத்தின்பின் ஆறு திசைமாறிப் பழைய ஊரை அரித்துக்கொண்டு போய்விட்டது. மிஷனரிமார் கட்டிய வீடுகளும், அவர்களைத் துரத்திய சண்டை நடந்த இடமும் நீருக்குள் மறைந்தன. ஆனால் ‘ஒருனோதோய்’ மறையவில்லை. 1846 முதல் 1854 வரையான இதழ்களைப் பேராசிரியர் மகேஸ்வர் நியோக் தொகுத்து 1983ஆம் ஆண்டு மீண்டும் வெளியிட்டார். மண் போயிற்று, தாள் நின்றது.

இக்கதையிலிருந்து எமது வாசகர்கள் எதனை எடுத்துக்கொள்ளலாம்?

ஊரைவிட்டுப் புறப்படும்போது நாம் எதனைக் கையில் எடுத்தோம் என்று சற்று எண்ணிப்பார்ப்போம். பிள்ளைகளை எடுத்தோம். முடிந்தவர்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்தோம். விதைநெல்லை எடுத்தவர்களும் உண்டு. ஆனால் வயலின் பெயர்கள், வாய்க்காலின் முறை, எந்தத் துண்டு எவ்வளவு மழை தாங்கும் என்ற அறிவு, குளத்தைக் காவல்செய்த ஒழுங்கு, அங்கு மட்டும் வழங்கிய சொற்கள் ஆகியன முதியோரின் தலைக்குள் இருந்தன. அம்முதியோர் ஒவ்வொருவராக எம்மைவிட்டுப் பிரிந்துகொண்டிருக்கின்றனர். திரும்பிச் செல்லும் நாளில் வரம்பு எங்கே இருந்தது என்று கேட்க ஆளில்லாமற் போகலாம். தலைமுறை ஒன்று கழிந்தபின், அங்கு ஒரு வயல் இருந்ததேயில்லை என்று எவரேனும் சொன்னால், எமது பிள்ளைகள் எதனைக் காட்டுவார்கள்?

அசாமிய மொழி என்று ஒன்று இல்லை எனச் சொன்னபோது, தேகியால் புக்கன் காட்டுவதற்கு அச்சிட்ட தாள்கள் இருந்தன. ஊரிழந்து ஒதுங்கிய இடத்திலே ஒருவர் சொற்களைத் திரட்டினார். அச்சுக்கோர்க்கும் அநாதைப் பிள்ளை எழுத்தாளனானான். வேற்றுச் சமயத்தவர் ஒரே பத்திரிகையில் எழுதினர். அவர்களுக்கு அச்சியந்திரம் கிடைப்பதற்கு நான்கு மாதப் படகுப் பயணம் வேண்டியிருந்தது. எமக்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.

இன்று மாலை வேலை முடிந்தபின், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் பக்கத்தில் பிள்ளையை இருத்துங்கள். வீட்டிலிருந்து குளம் வரை நடந்து போனால் இருமருங்கும் யார் யாருடைய காணிகள் வரும், ஒவ்வொன்றின் பெயர் என்ன, அங்கு எந்தப் போகத்தில் எந்த நெல் விதைத்தோம் என்று அவர் சொல்லட்டும். பிள்ளை எழுதட்டும். பெரியவர் பேசுகின்றபடியே எழுதட்டும். எழுத்துப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.